காற்று குடிக்கும் வாய்

நாற்கரச் சாலையில் பின்னால் நெருங்கி வரும் பழைய டொயோட்டா பார்ச்சூனரைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். பானெட்டின் மேல் எழும்பி, முன்பக்கம் திறந்திருக்கும் அந்தக் காற்றுவாய்தான் முதலில் கண்ணில் படும். வாகனக்காரர்கள் அதை ஸ்கூப் என்பார்கள். 2009இல் பார்ச்சூனர் இந்தியாவுக்கு வந்தபோது அந்த வாய்க்கு ஒழுங்கான வேலை இருந்தது. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதற்கு நேர் கீழேதான் படுத்திருந்தது.

ஆனால் டர்போவும் இல்லாத, இன்டர்கூலரும் இல்லாத, அறுபது வயதைத் தொட்ட ஒரு ஃபோர்டு மஸ்டாங்கின் பானெட்டை ரம்பம் கொண்டு அறுத்து, அதன் மேல் கண்ணாடி இழையில் வார்த்த ஒரு ஸ்கூப்பைப் பொருத்துவதற்கு இன்றும் வாரக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். அந்தக் காரை இத்தனை காலம் கண்போலக் காத்தவரே அதில் ஓட்டை போடவும் துணிகிறார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று உண்டு. காற்றைப் பிடிக்கும் வாய் ஒரு வழியில் வந்தது. கண்ணாடியை நூலாக்கும் வித்தை வேறு வழியில் வந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் அமெரிக்காவின் பந்தயச் சாலை.

முதலில் வாயின் கதை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய ஓவியங்களில், வீட்டின் கூரை மேல் முக்கோணமாக எழுந்து நிற்கும் அமைப்புகளைக் காணலாம். கூரைக்கு மேலே வீசும் குளிர்ந்த காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குவதற்கானவை அவை. ஈரானின் யாஸ்து நகரத்துக் காற்றுக் கோபுரங்கள் இதே வேலையைப் பிரம்மாண்டமாகச் செய்தன. அங்குள்ள தவ்லதாபாத் தோட்டத்தின் கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரம். சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலோ, பழைய புகைப்படங்களைப் பார்த்தால், ஊரே ஒரே திசையைப் பார்த்து வாய் திறந்து நிற்கும். கோடையில் தென்மேற்கிலிருந்து காற்று தவறாமல் வரும் என்பதால் எல்லா வீட்டுக் காற்றுவாய்களையும் அந்தப் பக்கமே திருப்பிக் கட்டியிருந்தார்கள். அறைக்கு ஒன்று என்ற கணக்கில், பல மாடி வீடுகளின் உச்சியில் அவை வரிசையாக நின்றன.

கப்பல்காரர்களுக்கும் இதே கவலைதான். பாய்மரக் கப்பலின் அடித்தளத்தில் காற்று அழுகிப்போகும். அதனால் கித்தான் துணியைக் குழாயாகத் தைத்து, மேல்முனையைக் காற்றுக்கு எதிரே விரித்துக் கட்டி, மறுமுனையைக் கீழே தொங்கவிட்டார்கள். நீராவிக் கப்பல்கள் வந்தபோது துணிக்குழாய் இரும்புக்குழாயாயிற்று. பழைய கப்பல் படங்களில் மேல்தளத்தில் வளைந்த கழுத்தோடு நிற்குமே, அதுதான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் மாலுமிகள் அதன் முகத்தைத் திருப்பிவைப்பார்கள். கீழே கொதிகலன் அறையில் கரி அள்ளிப்போடும் தொழிலாளி மூச்சுவிடுவதற்கும், அடுப்பு எரிவதற்கும் அந்தக் காற்றுதான். மனிதனின் மூச்சுக்காகப் பிறந்த வாய், நெருப்பின் மூச்சுக்கும் பயன்படத் தொடங்கியது இப்படித்தான்.

அங்கிருந்து விமானத்துக்கு ஒரே தாவல். பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிவது பெட்ரோல் மட்டுமாக இருந்தால் வேலை எளிது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களைப் பாருங்கள். கர்ட்டிஸ் பி-40 விமானத்தின் மூக்கின் மேல் ஒரு வாய். பி-51 மஸ்டாங்கின் சுழல்விசிறிக்குக் கீழே ஒரு வாய், வயிற்றுக்கு அடியில் ரேடியேட்டருக்கென இன்னொரு பெரிய வாய். அந்த வயிற்றுவாயை உற்றுப் பார்த்தால், அது விமானத்தின் உடலோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டுத் தொங்குவது தெரியும். உடலை உரசிக்கொண்டு ஓடும் காற்று வேகம் குறைந்து, சுழன்று, கலங்கிப்போய் வரும். அதை உள்ளே விட்டால் குழாய் உறுமும். கலங்கிய காற்றை ஒதுக்கிவிட்டுத் தெளிந்த காற்றைக் குடிப்பதற்குத்தான் அந்த இடைவெளி. பந்தயக் காரின் ஸ்கூப் பானெட்டோடு படிந்திருக்காமல் உயர்ந்து நிற்பதற்கும் காரணம் இதுவே.

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழியையும் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில், அமெரிக்க அரசின் விமான ஆய்வுக் குழுவான நாகா 1945இல் ஒரு பள்ளவாயைச் சோதித்தது. மேலே எதுவும் துருத்தாது. உடலிலேயே முக்கோணமாக ஒரு சரிவு, அதன் முடிவில் துளை. ஜெட் எஞ்சினின் பெரும்பசிக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆனால் டி ஹாவிலாண்ட் விமானக் கம்பெனியில் பணியாற்றிய ஃபிராங்க் காஸ்டின், பிரிட்டனின் வான்வால் பந்தயக் காருக்கு உடல் வடிவமைத்தபோது இந்தப் பள்ளத்தை அதன் மூக்கில் வைத்தார். 1958இல் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர்களுக்கான முதல் பட்டத்தை வென்ற கார் அது. விமானத்துக்காக வரைந்த கோடு இப்படித் தரைக்கு இறங்கிப் பிழைத்துக்கொண்டது.

இப்போது கண்ணாடியின் கதை. உருக்கிய கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்பது எகிப்தியருக்கு 3,500 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். சிறு தைலக் குப்பிகளின் மேல் வண்ணக் கண்ணாடி இழையைச் சுற்றி, சீப்பால் வாரியதுபோல அலையலையாகக் கோலமிட்டார்கள். அதற்குமேல் அந்த நூலுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், டொலீடோ நகரத்துக் கண்ணாடி வியாபாரி எட்வர்ட் லிபி, கண்ணாடி இழையும் பட்டும் கலந்து நெய்த கவுன் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். நாடக நடிகை ஜார்ஜியா கேவனுக்காக நெய்த துணி. பார்க்கவந்த ஸ்பெயின் இளவரசி யூலாலியாவும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். பளபளப்புக்குக் குறைவில்லை, மடித்தால்தான் இழை முறிந்துவிடும். உடுத்திக்கொண்டு உட்கார முடியாத உடை எத்தனை நாள் ஓடும்?

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கண்ணாடித் தொழிலில்தான் ஒரு விபத்து நடந்தது. பாட்டில் செய்வதில் பேர்பெற்ற ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியில், கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளரின் கீழ் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் வேலை பார்த்தார். கட்டடங்களுக்கான கண்ணாடிக் கற்கள் இரண்டைக் காற்றுப்புகாமல் ஒட்டவைக்க வேண்டும், அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. 1932இல் ஒருநாள், உலோகம் தெளிக்கும் துப்பாக்கியில் உருகிய கண்ணாடியை வைத்துத் தெளித்துப் பார்த்தார். அழுத்தக் காற்று கண்ணாடியைச் சிதறடித்தது. ஒட்டவேண்டிய இடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. மாறாக மெல்லிய இழைகள் அறையெங்கும் பறந்தன. ஸ்லேட்டர் நீண்ட நாளாகத் தேடிக்கொண்டிருந்தது அந்த இழையைத்தான். முதலில் வடிகட்டிகளுக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கும் அதை விற்றார்கள். 1938இல் இதற்கென்றே ஓவன்ஸ்-கார்னிங் என்ற கம்பெனி உருவானது.

கண்ணாடி இழை தனியாக நின்றால் வெறும் பஞ்சு. அதைப் பிடித்து இறுக்க ஒரு பசை வேண்டும். வேதியியலாளர் கார்ல்டன் எல்லிஸ் உள்ளிட்டோர் 1930களில் உருவாக்கிய பாலியஸ்டர் ரெசின் அந்த இடத்தை நிரப்பியது. திரவமாக ஊற்றலாம், சிறிது ஊக்கி சேர்த்தால் பெரிய அழுத்தமும் உலையும் இல்லாமலே இறுகிவிடும். போர்க்காலத்தில் விமானத்தின் ரேடாரை மூடும் கூண்டுகளை இந்த ஜோடியால்தான் செய்தார்கள், ஏனென்றால் ரேடியோ அலைகள் அதற்குள் தடையின்றிப் புகுந்துபோகும். உலோகத்தால் அது ஆகாத காரியம்.

போர் முடிந்தது. விமான ஆலைகளில் வேலை பார்த்தவர்களும், போர்முனையிலிருந்து திரும்பியவர்களும் தெற்குக் கலிபோர்னியாவில் வந்து குவிந்தார்கள். மலிவுவிலைக்கு வந்த விமான உதிரிகளும் அங்கே குவிந்தன. பசிபிக் போர்முனையில் விமானங்கள் கழற்றிப்போடும் கூடுதல் எரிபொருள் தொட்டியைப் பார்த்த பில் பர்க் என்பவர், இதற்குள் ஓர் எஞ்சினை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1946இல் பி-51 மஸ்டாங்கின் தொட்டியையே உடலாக்கி ஒரு வேகக்கார் கட்டி, வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டினார். காற்றைப் பற்றி விமானங்கள் கற்றதெல்லாம் கார்க் கொட்டகைகளுக்குள் நுழைந்தது இவரைப் போன்றவர்கள் வழியாகத்தான்.

கண்ணாடி இழை அங்கே படகு வழியாக வந்தது. கோஸ்டா மேசாவில் படகு கட்டிய பில் டிரிட் என்பவரிடம் விமானப்படை அதிகாரி ஒருவர் வந்து, ஜீப்பின் அடிச்சட்டத்துக்கு அழகான உடல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அந்த வேலையிலிருந்துதான் 1951இல் கிளாஸ்பார் ஜி-2 என்ற கண்ணாடி இழைக் கார் பிறந்தது. பிறகு நகலெடுப்பவர்களின் காலம். கண்ணாடி இழையில் ஒரு பொருளை நகலெடுப்பது வியக்கத்தக்க அளவுக்கு எளிது: மூலத்தின் மேல் மெழுகைத் தேய்த்து, அதன் மேல் ரெசினும் இழைவிரிப்பும் போட்டு உரித்தெடுத்தால் அச்சு தயார். இத்தாலியின் சிசிட்டாலியா 202, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்த கார். அதன் உடலை அப்படியே அச்செடுத்துக் கலிபோர்னியாவில் விற்றவர்களில் நம் பில் பர்க்கும் ஒருவர். பெரிய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 1953 ஜூன் 30 அன்று மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்திலிருந்து கண்ணாடி இழை உடலோடு முதல் ஷெவ்ரலே கார்வெட் வெளிவந்தது. அந்த ஆண்டு மொத்தம் 300 கார், எல்லாம் வெள்ளை நிறம்.

எஃகை விட்டுவிட்டு ஏன் இந்த இழை? கணக்கு எளிது. எஃகுத் தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கும் அச்சுக்கு ஆகும் செலவை ஆயிரக்கணக்கான கார்களின் மேல் பரப்பினால்தான் கட்டுப்படியாகும். கண்ணாடி இழைக்கான அச்சை ஒரு கொட்டகையில் இரண்டு பேர் சில நாட்களில் செய்துவிடலாம். நூறு பானெட் மட்டும் வேண்டும் என்பவருக்கு இதைவிட வேறு வழி இல்லை. 1960களின் தொடக்கத்தில் டிட்ராய்ட் கம்பெனிகளுக்கு நூறு பானெட் மட்டும் தேவைப்பட்டது.

காரணம், கால் மைல் பந்தயம். 402 மீட்டர் நேர்ச்சாலை, அசையாமல் நிற்கும் இரண்டு கார், பச்சை விளக்கு. ஞாயிற்றுக்கிழமை வென்ற கார் திங்கட்கிழமை விற்கும் என்று விற்பனையாளர்கள் நம்பினார்கள். அதனால் விதிமுறைக்கு வேண்டிய அளவுக்குச் சொற்ப எண்ணிக்கையில் பந்தயக் கார்களைத் தயாரித்தார்கள். 1963இல் ஷெவ்ரலே, இம்பாலா இசட்-11இன் எஞ்சினுக்கு முன்கண்ணாடியின் அடியிலிருந்து காற்றைக் கொடுத்தது. ஓடும் காரின் முன்கண்ணாடி அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடும் என்பதால் அது நல்ல யோசனை. வெளியே வாய் எதுவும் தெரியவில்லை. டாட்ஜும் பிளைமவுத்தும் பானெட்டின் மேலேயே திறந்த ஸ்கூப்பை வைத்தன.

1964ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவும் அந்த ஒரே ஆண்டில் நடந்தது. ஃபோர்டு தன் சாதுவான ஃபேர்லேன் காருக்குள் 427 கன அங்குல எஞ்சினைத் திணித்து தண்டர்போல்ட் என்று பெயர் வைத்தது. சுமார் 100 கார். எஞ்சின் உயரம் பானெட்டுக்குள் அடங்காததால் கண்ணாடி இழையில் கண்ணீர்த்துளி வடிவ மேட்டோடு புதிய பானெட் வார்த்தார்கள். அந்த மேடு தலை இடிக்காமல் இருப்பதற்குத்தான். காற்று வந்ததோ வேறு வழியில்: நான்கு முன்விளக்குகளில் உள்பக்கத்து இரண்டைக் கழற்றிவிட்டு, வலை போட்டு, அந்தத் துளையிலிருந்து கார்புரேட்டர் வரை குழாய் இழுத்துவிட்டார்கள். அதே ஆண்டு கோல்ட்ஃபிங்கர் படம் வெளியாகி, ஆஸ்டன் மார்ட்டின் டிபி5இன் தாழ்ந்த பானெட் ஸ்கூப்பை உலகத்துக்கெல்லாம் காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், கட்டடக் கலைஞர் இல்லாமல் எழுந்த கட்டடங்களைப் பற்றி பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி நடத்திய கண்காட்சி சிந்து ஹைதராபாத்தின் காற்றுவாய்களை அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்தது.

போன்டியாக் ஜிடிஓவும் அந்த ஆண்டுதான் வந்தது. தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன், ஃபெராரி 250 ஜிடிஓவின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார். பானெட்டில் இரண்டு ஸ்கூப், இரண்டும் மூடியவை. அடியில் துளையே கிடையாது. பந்தயச் சாலையில் வேலைக்காகத் திறந்த வாய், ஷோரூமுக்கு வந்தபோது முகத்துக்கு மட்டும் வந்தது. வாங்கியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. சிலர் தாங்களே துளை போட்டார்கள். அடுத்த ஆண்டு போன்டியாக் ஒரு நல்ல காரியம் செய்தது. 1965 மாடலின் நடு ஸ்கூப்பைத் திறந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, கார்புரேட்டர்களைச் சுற்றி உட்காரும் தகட்டுத் தொட்டியையும் பானெட்டோடு இடைவெளியில்லாமல் பொருந்தும் நுரைவளையத்தையும் உதிரிப்பாகக் கவுண்டரிலேயே விற்றது. ஸ்கூப்பின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த செயல் இது. அலங்காரத்தை வாங்கியவருக்கு அதன் பொருளையும் வாங்கிக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டார்கள்.

திறந்தால் என்ன கிடைக்கும் என்று பலரும் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேகத்தில் மோதும் காற்று எஞ்சினுக்குள் முட்டித் தள்ளும், அதனால் சக்தி கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200 கிலோமீட்டரில்கூட 2 சதவீதத்தை எட்டாது. உண்மையான லாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் 60 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் காற்றுக்குப் பதிலாக, வெளியே 35 டிகிரியில் இருக்கும் காற்றைக் கொடுத்தால் அதன் அடர்த்தி சுமார் 8 சதவீதம் அதிகம். அத்தனை ஆக்சிஜன் கூடுதல். ஹைதராபாத்துக்காரர் கூரைக்கு மேலே கைநீட்டிக் குளிர்ந்த காற்றைப் பிடித்ததும் இதே கணக்குதான்.

1965இல் கரோல் ஷெல்பி, கலிபோர்னியாவில் மஸ்டாங் கார்களை வாங்கிப் பந்தயத்துக்கு மாற்றி ஜிடி350 என்று விற்றார். முதலாண்டில் 500க்குச் சற்று அதிகம். சிறு எண்ணிக்கை என்பதால் ஸ்கூப் வைத்த பானெட்டைக் கண்ணாடி இழையிலேயே வார்த்தார்கள். இன்று பழைய மஸ்டாங்கில் ஏறும் ஸ்கூப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை அந்த வடிவம்தான். 1968இல் டாட்ஜ் டார்ட், பிளைமவுத் பாரகுடா ஆகியவற்றில் ஹெமி எஞ்சினை வைத்து, பெரிய ஸ்கூப்போடு கண்ணாடி இழை முன்பகுதியைக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 150 கார். பெயின்ட் கூட அடிக்காமல், இழையின் கறுப்பு ஜெல்கோட் அப்படியே தெரியும்படி விற்றார்கள். வாங்குகிறவர் எப்படியும் தன் பந்தய வண்ணத்தை அடித்துக்கொள்வார் அல்லவா? 1969 நடுவில் வந்த ரோட் ரன்னர், சூப்பர் பீ கார்களின் ஒரு வகைக்குப் பானெட் கீலே கிடையாது. நான்கு ஊசிகளைக் கழற்றி, இரண்டு பேர் பிடித்து முழுப் பானெட்டையும் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும்.

பிறகு ஒருவரையொருவர் மிஞ்சும் போட்டி. ஃபோர்டு 1969இல் ஸ்கூப்பை எஞ்சின் மேலேயே பூட்டி, பானெட்டில் துளையிட்டு வெளியே நீட்டியது. எஞ்சின் நடுங்கும்போது ஸ்கூப்பும் நடுங்கும். 1970 ஷெவெலில் பானெட்டின் பின்பக்கம், முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு மூடி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அது எழும்பித் திறக்கும். அந்த ஆண்டு ரோட் ரன்னரில், டேஷ்போர்டு சுவிட்சைத் தட்டினால் பானெட்டிலிருந்து ஒரு மேடை மெல்ல எழும். அதன் பக்கவாட்டில் சுறாவின் பற்களை வரைந்திருந்தார்கள். போர் விமானங்களின் மூக்கில் வீரர்கள் வரைந்த அதே பற்கள், பால் வாங்கப் போகும் காருக்கு வந்து சேர்ந்தன. 1971 மஸ்டாங் மாக் 1இன் பானெட்டில் 1945ஆம் ஆண்டு நாகா பள்ளங்கள் இரண்டு இருந்தன. கூடுதல் காசு கொடுத்தவருக்குத் திறந்தவை, மற்றவருக்கு மூடியவை.

வந்த வேகத்திலேயே வாய்கள் மூடின. காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, எண்ணெய் விலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒலிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. திறந்த ஸ்கூப் என்பது எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம் வெளியே வரும் வழியும்கூட. போன்டியாக் டிரான்ஸ் ஆம் காரின் நடுங்கும் ஸ்கூப்பை 1973இல் அடைத்துவிட்டார்கள். 1977இல் ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட் படத்தில் அந்த அடைத்த ஸ்கூப்போடுதான் கார் பறந்தது, ரசிகர்கள் வாங்கிக் குவித்ததும் அதைத்தான். 1979இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மேட் மேக்ஸ் படத்தின் கறுப்பு ஃபால்கனின் பானெட்டைப் பிளந்துகொண்டு நிற்கும் சூப்பர்சார்ஜரோ இயங்காத பொம்மை.

வாயை மீண்டும் திறந்தது ஜப்பான். சுபாரு எஞ்சின் தட்டையாகப் படுத்திருக்கும் வகை. அதன் மேலே காலியிடம் இருந்ததால் இன்டர்கூலரை அங்கேயே வைத்தார்கள், நேர் மேலே பானெட்டில் ஸ்கூப் வைத்தார்கள். 1992இல் வந்த இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காட்டுப்பாதைப் பந்தயங்களில் பெயர் வாங்கியது. 1995இல் கோலின் மெக்ரே அந்தக் குடும்பத்துக் காரில் உலக ராலி பட்டம் வென்றார். ஸ்கூப் என்றால் டர்போ என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது அங்கேதான். டீசல் ஜீப்புகளுக்கும் அந்த அமைப்பு பரவி, பார்ச்சூனராக நம் சாலைக்கு வந்தது. அமெரிக்காவிலோ கதை திரும்பியது: கால் மைல் பந்தயத்தின் புரோ ஸ்டாக் பிரிவில் 2016இல் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் அமைப்பு வந்தபோது, பானெட் மேல் ஓங்கி நின்ற ஸ்கூப்புகளும் விதிப்படி போய்விட்டன. தெருவில் ஓட்டும் கார்களில் அது நேர்மாறு. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 45.2 சதுர அங்குலம் திறந்த வாயோடு விற்றது.

ஆகவே பழைய மஸ்டாங் வைத்திருப்பவர் இன்று ஒரு கண்ணாடி இழை ஸ்கூப்பை வாங்கும்போது இந்த வரலாறெல்லாம் சேர்ந்தே பெட்டிக்குள் வருகிறது. குறைகளும் சேர்ந்தே வரும். விற்பனைக்குக் கிடைப்பவற்றில் பல, நகலிலிருந்து எடுத்த நகல்கள். ஒவ்வொரு முறையும் ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கும், விளிம்பின் கூர்மை மழுங்கும். பானெட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்தித் திருகாணி போட்டால் என்றாவது விரிசல் விடும். இளஞ்சூடு காட்டி மெல்ல வளைத்து, அடிவிளிம்பைத் தேய்த்து, எந்த இடத்திலும் கட்டாயப்படுத்தாமல் தானாக உட்காரும்வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும். தேய்க்கும்போது மூக்கிலும் வாயிலும் முகமூடி அவசியம். அந்தத் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும், நுரையீரலுக்கோ இன்னும் கெடுதல்.

அறுப்பதற்கு முன் எஞ்சினோடு கலந்தாலோசிக்க வேண்டும். ஏர் ஃபில்டரின் மேல் களிமண் உருண்டைகளை வைத்துப் பானெட்டை மெல்ல மூடித் திறந்தால், நசுங்கிய உருண்டையின் கனமே இடைவெளியைச் சொல்லிவிடும். ஓர் அங்குலமாவது வேண்டும், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். நடுக்கோட்டை இரு பக்கத்துக் கீல்களிலிருந்தும் அளந்து ஒட்டுநாடாவில் குறித்துக்கொள்வார்கள். பிறகு பானெட்டைப் புரட்டிப்போட்டு அடிச்சட்டம் ஓடும் இடங்களைப் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தை அறுத்துவிட்டால் பானெட் வேகத்தில் படபடக்கும். மூலைகளில் வட்டத் துளை போட்டுவிட்டு, அவற்றை இணைத்து அறுப்பதுதான் முறை. கூர்மூலையாக அறுத்தால் தகடு அங்கிருந்தே கிழியத் தொடங்கும். அறுத்த விளிம்பில் அன்றே பிரைமர் அடிக்காவிட்டால் துரு மறுவாரமே குடிவந்துவிடும்.

பொருத்துவதில்தான் டிங்கர்களுக்குள் தீராத விவாதம். ஸ்கூப்பும் பானெட்டும் ஒரே உடலாகத் தெரியவேண்டும் என்பவர்கள், இணைப்பின் மேல் பட்டி பூசித் தேய்த்து மழுக்கிப் பெயின்ட் அடிப்பார்கள். புதிதில் பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் கண்ணாடி இழை எஃகைப்போலச் சுமார் இருமடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்தில் வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். அந்த இழுபறி முழுக்கப் பட்டியில்தான் விழும். ஓராண்டு இரண்டாண்டில் ஸ்கூப்பின் வடிவத்திலேயே மயிரிழைக் கோடு பெயின்ட்டில் தெரியத் தொடங்கும். பாலியஸ்டர் ரெசின் எஃகோடு சரியாக ஒட்டாது என்பதும் சேர்ந்துகொள்ளும். கட்டாயம் அப்படித்தான் வேண்டும் என்றால், இரண்டு பரப்பையும் பளிச்சென்று உராய்ந்து, எபாக்ஸி வகைப் பேனல் பசையைப் பூசி, விளிம்பு நெடுக ரிவெட் அடித்துப் பிடித்து, இணைப்பின் மேல் இழைநாடா ஓட்டிய பிறகே பட்டிக்குப் போக வேண்டும். என் வாக்கு மற்ற வழிக்கே. ஸ்கூப்பின் அடியில் போல்ட்டுகளைப் பதித்து, நடுவில் மெல்லிய ரப்பர் பட்டை வைத்து, பானெட்டுக்கு அடியிலிருந்து நட்டுப் போட்டு இறுக்குவது. துளைகளைச் சற்றே பெரிதாக விட்டால் இரண்டு பொருளும் தம் போக்கில் விரிந்து சுருங்கும். இணைப்புக்கோடு வெளியே தெரியும்தான். 1960களின் பந்தயக் கார்களிலும் அது தெரிந்தது.

கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கூப்பின் பின்வாயிலிருந்து ஏர் ஃபில்டர் வரை வழி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிடித்த குளிர்காற்று எஞ்சின் அறையின் வெக்கையில் கலந்து கரைந்துபோகும். 1965இல் போன்டியாக் விற்ற தகட்டுத் தொட்டியையும் நுரைவளையத்தையும் பார்த்தே இன்றும் செய்கிறார்கள்: ஃபில்டரைச் சுற்றி ஒரு தட்டு, அதன் விளிம்பில் பானெட் மூடும்போது நசுங்கி அடைக்கும் நுரை. தட்டின் தாழ்ந்த மூலையில் சிறு துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைக் கீழே விட்டுவிட வேண்டும். திறந்த வாய் மழையையும் குடிக்கும், அந்தத் தண்ணீர் கார்புரேட்டருக்குள் போகாமல் தரைக்குப் போவது அந்தக் குழாய் வழியாகத்தான்.